கேள்வி பதினேழு

படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள்.
பதினேழாவது தண்ணீர்:
ஒரு குடத்துக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்?
பத்தொன்பது வருடத்தில்
திருப்பூர் வீரபாண்டி, வெள்ளியங்காடு, நல்லூர் என்று
ஆறாயிரம் கதவுகளைத் தட்டிக் கேட்டேன்.
பதில்களைக் கூட்டி வகுத்தால்
முனைவர் பட்டம், இரண்டு புத்தகம்,
மாநகராட்சி நிபுணர் குழுவில் ஒரு நாற்காலி.
நாற்காலிக்கு முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில்.

முதல் வருடம்
பனியன் கம்பெனி விடும் நேரம், இரவு எட்டரைக்கு,
தலையெல்லாம் பஞ்சுத்தூசி பூத்து
வந்தவர்களை நிறுத்தி, "எந்த ஊருங்க?" என்பேன்.
காளஹாண்டி என்றார்கள். பலாங்கீர் என்றார்கள்.
கொஞ்ச நாளில் அலுத்துப்போய்
"ஓவர்லாக் டைலர்" என்று மட்டும் சொன்னார்கள்.
ஊரைக் கேட்டால் வேலையைச் சொல்கிறார்கள் என்று
அடிக்குறிப்பு எழுதினேன்.
அடிக்குறிப்பைப் பலரும் பாராட்டினார்கள்.

வீரபாண்டிக்குக் கிழக்கே
நகர வரைபடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்.
'காலி நிலம்' என்று போட்டிருந்தது.
அதில் அறுபத்தாறு லைன் வீடு,
நானூறு பேர், ஆறு கக்கூஸ்,
வேப்பமரத்தில் சாய்த்துவைத்த ஜெகந்நாதர் படம்.

அங்கேதான் ஜெமா மாஜியைப் பார்த்தேன்.
செக்கிங் வேலை. இடுப்பில் விரலளவு கத்தரி.
முப்பது தமிழ் வார்த்தை தெரியும், அதில் இருபது வசவு.
லாரித் தண்ணிக்கு முறை வைத்தவள் அவள்தான்.
குடங்களின் கழுத்தில் நூல் கட்டினாள்:
கைக்குழந்தைக்காரிக்குச் சிவப்பு,
நைட் ஷிப்டுக்கு நீலம்,
எல்லாம் கம்பெனிக் கழிவில் பொறுக்கியது.
நூல் கட்டிய குடத்தைத் தாண்டி
மேஸ்திரி பொண்டாட்டியும் குடம் வைக்க முடியாது.
'சமூகத் தலைமை' என்ற அத்தியாயத்துக்கு
எனக்கு ஆள் கிடைத்துவிட்டது.

ஏழாவது வருடம் என்று நினைக்கிறேன்,
லாரி வராத வெள்ளிக்கிழமை.
படிவத்தோடு போய் உட்கார்ந்தேன்.
ஜெமா பேனாவை வாங்கிக்கொண்டாள்.
"இன்னைக்கு நான் கேக்கறேன் மேடம்.
உங்க ஊட்டுல தண்ணி?"
ஆத்துத் தண்ணி, மூணு நாளைக்கு ஒருக்கா. போரும் இருக்கு.
"எத்தனை பேரு?"
மூணு பேரு.
"வாடகை குடுக்கறீங்களா, வாங்கறீங்களா?"

நாற்பத்திரண்டு கேள்வியில் இது இல்லை.

அப்பாவின் ஏழு ஏக்கர்.
சாயத்தண்ணி இறங்கிக் கிணறு ஊதாவான வருடம்
தென்னை பட்டுப்போயிற்று, எருமைகளை விற்றாயிற்று.
சோளக்காட்டில் ஹாலோபிளாக் அடுக்கி
இருபத்துநாலு வீடு, ஒரே வரிசையில்.
தலைக்குத்தான் வாடகை, வீட்டுக்கு அல்ல.
அஞ்சாம் தேதி அண்ணன் புல்லட்டில் போய் வசூலிப்பான்.
சென்னையில் என் விடுதிக் கட்டணம்
ஆறாம் தேதி போய்ச் சேரும்.
ஆய்வுக்கு உதவியோர் பட்டியலில்
அந்த நூற்றுச் சொச்சம் தலைகள் இல்லை.

"வாங்கறோம்" என்றேன்.
எழுதிக்கொண்டாள். ஒடியா எழுத்து,
உருண்டை உருண்டையாய், எனக்குப் படிக்கத் தெரியாதது.
கோபப்படவில்லை. அடுத்ததைக் கேட்டாள்:
"எத்தனை கக்கூஸ்?"

அண்ணனிடம் பேசினேன்.
"நீ படிச்சது போதுமாக்கும்" என்றான்.
நாலு கக்கூஸ் கட்டப் பதினோரு மாதமும்
ஒரு பொங்கல் சண்டையும் ஆயிற்று.
குழாய்க்கு மேலும் மூன்று வருடம்.
இதைப் பற்றி நான் கட்டுரை எழுதவில்லை.

போன மாதம் மாநகராட்சிக் கூட்டம்.
சங்கத்துப் பெண்கள் பதினாலு பேரோடு
ஜெமா வந்திருந்தாள், வெள்ளைக் கட்டத்துக்காக.
வரைபடத்தை மேஜையில் விரித்துவிட்டு
அதிகாரி கேட்டார்: "நீங்க எந்த ஊரும்மா?"
"வீரபாண்டிங்க."
"அதுக்கு முன்னாடி?"
"அதுக்கு முன்னாடி அது காலி நிலமுங்க."

யாரோ சிரித்தார்கள், நான் இல்லை.
பொறியாளர் மேஜை மேல் பேனாவைத் தேடினார்.
ஜெமா தன் பையைத் திறந்தாள்.